வேரிற் புகுந்த பகை

பகைகள் இருவகைய. கண்ணெதிரே வந்து நின்று பொருவன ஒருவகை. கண்ணிற் படாது உள்ளே புகுந்து உயிரை உறிஞ்சுவன மற்றொருவகை. முன்னதற்கு வேலியும் வாயிலும் காவலும் உண்டு. பின்னதற்கோ நாமே கதவைத் திறந்து, நாமே சுமந்துவந்து உள்ளே இருத்தி, நீரும் வார்த்து வளர்த்துவிடுகின்றோம். இவ்வுண்மையை யான் நூலிற் கற்றேனல்லேன். என் தாய்மாமனுடைய கொய்யாத் தோட்டத்திற் கற்றேன். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவ்விலையில் ஒரு பகுதி என் அறியாமையால் நேர்ந்ததாதலின், அதனை மறையாது இம்மலரில் எழுதுதல் என் கடனெனத் துணிந்தேன். நம் கல்லூரி மாணவருட் பலர் உழவர் குடியிற் பிறந்தோர். அவர்தம் இல்லத்தார்க்கு இதனால் ஒரு சிறு பயன் விளையுமாயின் அதுவே எனக்கு அமையும்.

திண்டுக்கல் நகரினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் ஒட்டன்சத்திரத்தைக் கடந்து மேற்கே சென்றால், பழனிக்கு அண்மையில் ஆயக்குடி என்னும் ஊர் வரும். தெற்கே பழனிமலைத் தொடர் நீலச்சுவர்போல நிற்க, அதன் அடிவாரத்து நிலங்களிலே கொய்யாத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. விடியற்காலையிற் பழங்களைப் பறித்துப் பெட்டிகளில் நிரப்பிச் சந்தைக்குக் கொணர்வர். அங்கிருந்து அவை பல ஊர்களுக்குச் செல்லும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, கீற்றுக் கீற்றாக அரிந்து விற்கப்படும் கொய்யாவை உண்ணாத மாணவர் எங்கள் நகரில் ஒருவரும் இரார். அப்பழத்தின் சுவையை அறிந்தோம். அதன் வேர் படும் பாட்டை அறிந்தோமில்லை.

என் மாமாவுக்கு அவ்வூர்ப்புறத்தில் 3 ஏக்கர் நிலம் உண்டு. அதில் இரண்டரை ஏக்கரில், என் தாய்வழிப் பாட்டனார் தம் கையால் வைத்த ‘லக்னோ 49’ என்னும் வகைக் கொய்யா மரங்கள் 320 நின்றன. 1927 ஆம் ஆண்டிற் பூனா நகரத்து ஆராய்ச்சித் தோட்டமொன்றில் தெரிந்தெடுக்கப்பட்ட வகை அது. தோல் சற்றுக் கரடாயினும் உள்ளே வெண்மையும் இனிமையும் உடையது. மழைக்காலந்தோறும் மாமா அம்மரங்களின் தாழ்ந்த கிளைகளை வளைத்து மண்ணிற் பதியம் போட்டு, வேர் விட்டபின் அறுத்துக் கன்றாக்கி, அயலூர் உழவர்க்கு விற்பார். பழம் விற்ற பொருள் குடும்பச் செலவிற்கும் கடனுக்கும் சரியாகும். கன்று விற்ற பொருளை மட்டும் தனியே ஒரு தகர டப்பாவில் இட்டு, “இது மாப்பிள்ளை படிப்புக்கு, அக்கா” என்று என் அன்னையாரிடம் கொடுப்பார். எந்தையார் காலமான பின்னர் யான் கற்ற கல்வியெல்லாம் அந்தத் தகர டப்பாவிலிருந்து வந்ததே.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ‘தைவான் பிங்க்’ என்னும் செந்நிறச் சதையுடைய புதுவகைக் கொய்யாவுக்கு நல்ல விலை கிடைக்கின்றது என்னும் பேச்சு எங்கும் எழுந்தது. மாமாவும் எஞ்சிக் கிடந்த அரை ஏக்கரில் அவ்வகையை வைக்கக் கருதி, தொலைவிலுள்ள ஒரு நாற்றுப்பண்ணையில் 300 கன்றுகள் வாங்கினார். எனக்கு அப்போது வயது பதினைந்து. சரக்கு வண்டியிலிருந்து கன்றுகளை இறக்கியவன் யான். ஒவ்வொன்றும் கறுத்த பாலித்தீன் பையில், ஈரமண்ணோடு, தளதளவென்ற இலையோடு கண்ணுக்கு இனிதாய் இருந்தது. அவற்றைத் தோளிற் சுமந்து குழிதோறும் வைத்தேன். பையைக் கிழித்தபோது வேர்களைப் பார்த்தேன், பார்த்தும் கண்டேனல்லேன். அங்கங்கே மணி கோத்தாற்போல வேர் தடித்திருந்தது இன்றும் என் நினைவில் உளது. வளமான வேர் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

முதலாண்டில் கன்றுகள் ஓங்கின, காயும் பிடித்தன. இரண்டாம் ஆண்டுக் கோடையில் இலைகள் வெளிறின. பின்னர்ச் செம்புநிறம் பாய்ந்து உதிர்ந்தன. காய்கள் எலுமிச்சையளவில் நின்று முற்றின. காலில் ஈரம் ஒட்டும் அளவு நீர் பாய்ந்திருக்கும்போதே நண்பகலில் இலைகள் துவண்டு தொங்கின. நீர் போதாதென்றனர் சிலர்; மாமா சொட்டுநீர்க் குழாயைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தார். துத்தநாகச் சத்துக் குறைவென்றார் கடைக்காரர் ஒருவர். அவர் கொடுத்ததை வாங்கித் தெளித்தார். ஒன்றாலும் பயன் விளைந்திலது. மேலே தோன்றும் குறிக்கு மேலேயே மருந்து தேடினோம். கீழே குனிந்து பார்த்தார் ஒருவரும் இல்லை.

குனிந்து பார்த்தவள் களையெடுக்க வரும் மூதாட்டி ஒருத்தியே. அவள் ஒருநாள் வாடிய கன்றொன்றை வேரோடு பிடுங்கிக் கொணர்ந்து, “இங்கே பார் தம்பி, வேரெல்லாம் கட்டி கட்டியாய் இருக்கிறது, என்ன கேடோ தெரியவில்லை” என்றாள். யான் அப்போது மேனிலைப் பள்ளி மாணவன். உளுந்து, அவரை, சோயா முதலிய பயறுவகைகளின் வேர்களில் முடிச்சுக்கள் உண்டு என்றும், அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிச் செடிக்கு உணவாக்கும் என்றும் பாடம் படித்திருந்தேன். கற்றதைக் காட்டும் ஆவலால், “பாட்டி, இது கேடன்று, நன்மை செய்யும் முடிச்சு, நிலத்துக்கு உரம் சேர்ப்பது” என்று மாமாவின் முன்னிலையிற் கூறினேன். படித்த பிள்ளை சொல்கின்றான் என்று மாமாவுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டாயிற்று. மூதாட்டி மட்டும், “நல்லதாயிருந்தால் செடி ஏன் சாகிறது?” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு போனாள். அவ்வினாவுக்கு என் கல்வியில் விடை இல்லை. ஆயினும், ‘யான் அறியேன்’ என்று சொல்ல நாணி வாளா இருந்துவிட்டேன்.

அந்நாணத்தின் விலை எட்டுத் திங்கள். அவ்வெட்டுத் திங்களும் அதே மண்வெட்டி இரு பகுதிகளிலும் வேலை செய்தது. அதே டிராக்டர்க் கலப்பை நோயுற்ற அரை ஏக்கரை உழுது, மண் ஒட்டிய கொழுவோடு பாட்டனார் வைத்த மரங்களின் இடையிலும் உழுதது. அடுத்த பருவத்தில் அம்மரங்களிலும் இலைகள் செம்புநிறம் கொண்டன.

இவ்விடத்தில் என் தவற்றை விளக்கிவிடுதல் நன்று. பிறர் அதனைச் செய்யாதிருக்க அது உதவும். கொய்யா பயறுவகையைச் சார்ந்ததன்று. ஆதலின் அதன் வேரில் நன்முடிச்சு இருத்தற்கு இடமே இல்லை. பயறுவகைகளிலும் இரண்டையும் பிரித்தறியலாம். நன்முடிச்சு வேரின் பக்கத்தே ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் உருட்டினால் எளிதிற் கழன்றுவிடும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும். புழு உண்டாக்கும் முடிச்சோ வேரே வீங்கி ஆயது. கழற்ற முயன்றால் வேர்தான் அறும். இவ்வேறுபாட்டை அறிதற்கு இரண்டு விரலும் ஒரு கணமும் போதும். அக்கணத்தை யான் செலவிட்டேனல்லேன்.

இறுதியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் சொற்படி, வேரையும் வேரடி மண்ணையும் ஈரம் உலராது பையிலிட்டுக்கொண்டு, மாமாவும் யானும் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றோம். அங்கே இத்தகைய புழுக்களை ஆராய்வதற்கென்றே நூற்புழுவியல் என ஒரு துறை உண்டு. நூல்போல் மெலிந்து நீண்ட உடம்புடைமையின் இவை நூற்புழு எனப்பட்டன. அறிஞர் ஒருவர் முடிச்சொன்றைக் கீறி நுண்ணோக்கியின் அடியில் வைத்து, என்னைப் பார்க்குமாறு பணித்தார். முத்துப்போல் வெண்மையாய், கழுத்துக் குறுகிய குடுவைபோன்ற வடிவாய், ஒன்று அசையாது கிடந்தது. “இதுதான் தாய்” என்றார் அவர். அதன் பின்புறத்தே கூழ்போன்ற ஒரு பொதியில் நூற்றுக்கணக்கான முட்டைகள் செறிந்திருந்தன.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. முட்டையினின்று வெளிப்படும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளமும் இராது. அது மண்ணிலுள்ள ஈரத்தில் நீந்தி வேர்நுனியை நாடி, வாயிலுள்ள ஊசிபோன்ற உறுப்பாற் குத்தி உட்புகும். புகுந்தபின் தன்னைச் சூழ்ந்த சில உயிரணுக்களைத் தன் உமிழ்நீரால் மயக்கிப் பன்மடங்கு பருக்கச் செய்யும். அப்பேரணுக்களே அதன் வாணாள் முழுமைக்கும் உணவுக் களஞ்சியம். பின்னர் அது நகர்வதில்லை. உண்டு பருத்து முட்டையிடுவதே அதன் தொழில். சூழ்ந்த வேர்ப்பகுதி வீங்கி முடிச்சாகும். நீரும் சத்தும் மேலேறும் வழி சிதைந்துவிடுமாதலின், நிலம் நிறைய நீர் இருந்தும் மரம் குடிக்க வாயின்றித் தவிக்கும். எங்கள் நாடுபோன்ற வெப்ப நிலத்தில் ஏறக்குறைய ஒரு திங்களுக்குள் ஒரு தலைமுறை முற்றும். எட்டுத் திங்களில் எத்தனை தலைமுறை என்று யான் என்னுள்ளே எண்ணிப் பார்த்துத் தலைகுனிந்தேன்.

செடிகளை உண்ணும் நூற்புழுக்கள் மக்கள் அறிவுக்கு எட்டியது நெடுங்காலத்துக்கு முன்பன்று. 1743 ஆம் ஆண்டில் நீதாம் என்பவர் கோதுமை மணியிற் புழுவைக் கண்டனர். 1855 இல் பெர்க்லி என்பவர் இங்கிலாந்தில் வெள்ளரி வேரின் முடிச்சுக்களில் இவ்வினத்தைக் கண்டனர். நம் நாட்டில் 1901 ஆம் ஆண்டிலேயே பார்பர் என்பவர் நீலகிரிப் பகுதியிலுள்ள தேவாலாவில் தேயிலை வேர்களில் வேர்முடிச்சுப் புழுவைக் கண்டு எழுதினர். எங்கள் தோட்டத்திற் புகுந்தது அவ்வினத்தின் மிகக் கொடிய உறுப்பு. ‘மெலாய்டோகைன் எண்டெரோலோபி’ என்பது அதன் பெயர். 1983 ஆம் ஆண்டிற் சீன நாட்டின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டமையின், அம்மரத்தின் பெயரே புழுவுக்கும் ஆயிற்று. பிரேசில் நாட்டில் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்த கொய்யாத் தோட்டங்களைப் பாழாக்கியது இதுவே. புழு குத்திய புண்வழியே ‘பியுசேரியம்’ என்னும் பூஞ்சையும் புகுந்து வேரை அழுகச் செய்தலின் ஆண்டு கேடு இரட்டித்தது. இந்தியாவிற் கொய்யாவில் இப்புழு உண்மை 2016 ஆம் ஆண்டில் முதன்முதலாக நம் தமிழ்நாட்டிலிருந்தே வெளியிடப்பட்டது.

இவற்றைக் கேட்ட மாமா சற்று நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு மக்காச்சோளம் போட்டுவிடட்டுமா, ஐயா?” என்று வினவினார். அவர் அங்ஙனம் வினவியதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துச் சமவெளியில், கோழித்தீவனத்தின்பொருட்டு மக்காச்சோளம் மிகுதியாய் விளைக்கப்படுகின்றது. அதற்கு விலையும் வாங்குவோரும் உளர்.

அறிஞர் கூறிய விடை என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்காச்சோளத்தையும் சோயா மொச்சையையும் ஆண்டு மாற்றி ஆண்டு விதைக்கும் பரந்த நிலங்கள் உள. சோயா மொச்சைக்கு அங்கே பெரும்பகை முட்டைக்கூடு நூற்புழு; 1954 ஆம் ஆண்டில் வட கரோலினாவில் அஃது அந்நாட்டில் முதன்முதற் காணப்பட்டது. அதன் தாய்ப்புழு இறந்தபின்னும் அதன் உடம்பே கடினமான கூடாகி, உள்ளிருக்கும் முட்டைகளைப் பல்லாண்டு காக்கும். அப்புழு மக்காச்சோள வேரில் வாழாது. ஆதலின் சோளம் விதைத்த ஆண்டில் அதன் தொகை குறையும், முற்றும் அழியாது. புழுவைத் தாங்கி விளையும் சோயா வகைகளையும் ஆக்கினர். ஆயின் நெடுங்காலம் ஏறக்குறைய எல்லா வகைகளும் ‘பி.ஐ. 88788’ என்னும் ஒரே மூலத்தினின்று வலிமை பெற்றனவாதலின், புழுக்கள் நாளடைவில் அவ்வலிமையையும் வெல்லப் பழகிவிட்டன. ஒரே படைக்கலத்தை நம்பினோர் நிலை அது.

“அங்கே சோளம் சோயாவைக் காக்கிறது என்பதால் இங்கே எல்லாப் புழுவையும் போக்கும் என்று எண்ணக்கூடாது” என்றார் அறிஞர். எங்கள் நாட்டில் எங்கும் பரவியுள்ள பொது வேர்முடிச்சுப் புழு மக்காச்சோள வேரிலும் பெருகும். தக்காளி, கத்தரி, மிளகாய் இவற்றிலோ மிகப் பெருகும். மக்காச்சோளத்துக்குத் தனிப் பகைகளும் உண்டு. கோசி, சுவரூப், சேத்தி என்னும் இந்திய அறிஞர் மூவர் இராஜஸ்தானத்திற் கண்டு 1971 ஆம் ஆண்டிற் பெயரிட்ட மக்காச்சோள முட்டைக்கூடு நூற்புழு அவற்றுள் ஒன்று. கொய்யாவைக் கெடுக்கும் இப்புழுவுக்கும் பொதுப் புழுவுக்கும் நிலக்கடலை உணவாகாது. ஆதலின் மரம் அகற்றிய நிலத்தில் நிலக்கடலை இடுக என்றார். எப்புழு என்று தெளியாமல் எப்பயிரை மாற்றினும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிதலே ஆகும். சொல்லின் வேரை ஆராய்ந்து பொருள் துணியும் தமிழ் மாணவனாகிய எனக்கு, பெயரைத் துணிந்தபின்னரே பரிகாரத்தைத் துணியவேண்டும் என்னும் அம்முறை புதிதன்று. ஏட்டில் அறிந்திருந்தும் நிலத்தில் மறந்தேன் என்பதே என் குறை.

புறப்படும்பொழுது மாமா இறுதியாக ஒரு வினா வினவினார்: “இந்தப் புழு எங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்தது?” அறிஞர் நகைத்து, “அது நடப்பதில்லை. தானாக நகர்ந்தால் ஓராண்டில் ஒரு மீட்டர் செல்வதும் அரிது. கன்றின் மண்ணிலும் கலப்பையின் கொழுவிலும் பாயும் நீரிலும் காலின் சேற்றிலும் ஏறித்தான் ஊர்விட்டு ஊர் வருகிறது” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் யான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது நடக்கவில்லை, யான் சுமந்தேன். முந்நூறு பைகளையும் என் தோளிலே சுமந்தேன். பூட்டுத் தொழிலால் நாடெங்கும் பெயர்பெற்றது எங்கள் திண்டுக்கல். அவ்வூரிற் பிறந்த யாங்கள், எம் தோட்டத்து வாயிலை மட்டும் பூட்டாதொழிந்தோம். கன்று வாங்கும் நாளில் ஒரே ஒரு பையைக் கிழித்து, வேரை நீரில் அலசிப் பார்த்திருப்போமாயின், அந்நாளிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அதன்பின் செய்தவற்றைச் சுருக்கமாய்க் கூறுவேன். தைவான் கன்றுகள் 300 ஐயும் வேரோடு அகழ்ந்து, வேர்த்துண்டுகளைக் கூட்டி உலர்த்தி எரித்தோம். சித்திரை வைகாசி வெயிலில் அந்நிலத்தை மூன்று முறை உழுது மண்ணைப் புரட்டிக் காயவிட்டோம்; ஈரமும் நிழலும் இழந்தால் இளம்புழுக்கள் மடியும். மழைக்குப்பின் நிலக்கடலை விதைத்தோம். பழைய மரங்களுள் மிக நலிந்தவற்றை அகற்றி, எஞ்சியவற்றின் அடியைச் சுற்றிக் கொத்தி, மரமொன்றுக்கு 2 கிலோ வேப்பம்புண்ணாக்கு இட்டோம்; சிலவற்றுக்கு ஆமணக்குப் புண்ணாக்கும் கலந்தோம். புழுவின் முட்டைகளைப் பற்றி உண்ணும் பூஞ்சைகள் சில உள. ‘பர்புரியோசிலியம் லிலாசினம்’, ‘போகோனியா’ என்பன அவை. அவற்றைத் தொழுவுரத்திற் கலந்து, நிழலில் இரண்டு கிழமை ஈரம் காத்து வைத்துப் பெருக்கிப் பின் வேரடியில் இட்டோம். மரங்களுக்கிடையே செண்டுமல்லி வைத்தோம். அதன் வேரில் ஊறும் ஒருவகைப் பொருள் வேர்முடிச்சுப் புழுக்களுக்கு நஞ்சாம். அதன் பூவும் திண்டுக்கல் பூச்சந்தையில் விலைபோயிற்று. தோட்டத்துக்கென்றே தனி மண்வெட்டி வைத்து, வெளியிலிருந்து வரும் டிராக்டர்க் கலப்பையை வாயிலிலேயே கழுவச் செய்தோம்.

‘இத்துணைத் தொல்லை எதற்கு? ஒரு நஞ்சை ஊற்றினால் தீராதோ?’ என்று வினவுவார் உளர். மண்ணுக்கு இடும் மருந்துகள் இக்காலத்தும் உள, அறிந்தார் சொற்படி அளவோடு பயன்படுத்தின் அவை புழுவின் தொகையைக் குறைக்கும், வேரறுக்கமாட்டா. டி.பி.சி.பி. என்னும் மண்மருந்து ஒருகாலத்தில் உலகெங்கும் நூற்புழுவுக்குப் பெருமருந்தாய் விளங்கியது. 1977 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் அதனை ஆக்கும் ஆலைத் தொழிலாளர் பலர் மகப்பேற்று ஆற்றலை இழந்தமை வெளிப்பட, அதன் பெருமை அன்றோடு குன்றியது. புழுவைக் கொல்லும் நஞ்சு புழுவோடு நிற்பதென்பது உறுதியன்று. பிரேசில் நாட்டு எம்பிராப்பா என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்புழுவைத் தாங்கும் கலப்பு அடிமரத்தை ஆக்கி, அதன்மேற் கொய்யாவை ஒட்டுக்கட்டும் வழியைக் கண்டுள்ளனர். நிலையான தீர்வு அத்தகைய வழியில்தான் வரும்போலும்.

இனி, இக்கட்டுரையை யான் எழுதுதற்குக் காரணமாகிய நிகழ்ச்சியைக் கூறுவேன். சென்ற ஐப்பசித் திங்களில், விடுமுறைக்கு யான் ஆயக்குடி சென்றிருந்தபோது, வெளியூரிலிருந்து உழவர் ஒருவர் மாமாவைத் தேடிவந்தார். பாட்டனார் மரங்களின் புகழை அறிந்தவர் அவர். 400 பதியக் கன்றுகள் வேண்டும் என்றும், கன்றொன்றுக்கு 50 ரூபாயாக முன்பணம் முழுவதும் அன்றே தருவதாகவும் கூறினார். இருபதாயிரம் ரூபாய்! அவ்வாண்டு பழத்தில் வந்த பொருள் புண்ணாக்குக்கும் கூலிக்குமே போதவில்லை. என் கல்லூரிக் கட்டணத்தின்பொருட்டு மாமா தம் கறவைமாட்டை விற்றிருந்தார். தகர டப்பா அலமாரியின்மேல் வெறுமையாய் இருந்தது. மரங்களோ புதுத்தளிர் விட்டு, காண்பார்க்கு நோயற்றவைபோலவே நின்றன. வேரைப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணமே வந்தவர்க்கு இல்லை; நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு இல்லாததுபோலவே.

யான் திண்ணையிலே இருந்தேன். ‘விற்றுவிடுங்கள், மாமா’ என்று யான் சொல்லவில்லை. ஆயின், சொல்லாமை அச்சத்தாலேயன்றி அறத்தாலன்று. என் உள்ளம் இருபதாயிரத்தைக் கல்லூரிக் கட்டணத்தால் வகுத்துக்கொண்டிருந்தது.

மாமா எழுந்து சென்று, ஒரு மரத்தடியைக் கொத்தி, முடிச்சேறிய வேரொன்றைக் கொணர்ந்து வந்தவர் கையிற் கொடுத்தார். “அண்ணே, இதைப் பாருங்கள். என் மண்ணில் இந்தப் புழு இருக்கிறது. இங்கே பதியம் போட்டால் அதன் வேரிலும் இருக்கும். நான் தெரியாமல் வாங்கினேன், தெரிந்து விற்கமாட்டேன்” என்றார். வந்தவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திராதே” என்றார். மாமா, “அதனால்தான் சொன்னேன்” என்றார். எங்கே கன்று வாங்கினும் பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்த்தே வாங்கவேண்டும் என்று அவருக்கு வற்புறுத்திச் சொல்லி, மோர் கொடுத்து வழியனுப்பினார்.

அன்றிரவு யான் உறங்கிலேன். எனக்கு வேரைக் காட்டாமல் விற்றவர் ஒருவர் இருந்தார். அவரும் ஒருகால் அறியாதவராகவே இருந்திருக்கலாம். அவர்க்கும் எமக்கும் இடையே சென்ற அச்சங்கிலி மாமாவின் கையில் அறுந்தது. நூற்புழுவுக்கு எத்தனையோ பரிகாரம் கற்றோம்; அவை யாவும் வந்த பின் காக்கும் வழிகள். வராமற் காக்கும் வழி ஒன்றே: அறிந்தவன் சுமக்க மறுத்தல். அம்மறுப்பு, நுண்ணோக்கியும் நூலறிவும் இல்லாத ஓர் உழவர் வாயிலிருந்து வந்தது. கற்றவனாகிய யான் திண்ணையிலிருந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா கல்லாதவரெனினும் ஆலயத்தில் வேதம் வாசிக்கக் கேட்டுப் பழகியவர். யோனா தீர்க்கதரிசிக்கு நிழல்தந்த ஆமணக்கை ஒரு சிற்றுயிர் ஒரே இரவில் அரித்துவிட்ட வரலாற்றை யான் ஒருநாள் எடுத்துரைத்து வருந்தியபோது, அவர், “அதை ஏன் நினைக்கிறாய், மாப்பிள்ளை? கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொன்னபோது, இந்த ஒரு வருடமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டக்காரன் கேட்டானே, அதை நினை” என்றார். நம் ஆண்டவர் அருளிய அவ்வுவமையில், அடுத்த ஆண்டு அம்மரம் காய்த்ததோ இல்லையோ என்பது கூறப்படவில்லை. எங்கள் தோட்டத்திலும் அக்கதை முடியவில்லை. 320 மரங்களுள் 90 பட்டுப்போயின. எஞ்சியவை முன்போலக் காய்க்கவில்லை, ஆயினும் காய்க்கின்றன. புழு மண்ணில் இருக்கின்றது, இனியும் இருக்கும். அதனோடு பொருது வாழ்தலே எமக்கு வாய்த்தது.

களையெடுக்கும் மூதாட்டியிடம் சென்று, “பாட்டி, அன்று நீங்கள் சொன்னதுதான் சரி” என்று கூறினேன். அவள் நகைத்து, “நான் என்ன சொன்னேன் தம்பி? கேட்டேன், அவ்வளவுதான்” என்றாள்.

நண்பர்காள்! விடுமுறைக்கு நீவிர் ஊர் செல்லும்போது, வாடிய செடி எதனையேனும் காணின், இலையைப் பார்த்து மருந்து சொல்லற்க. ஒரு கணம் குனிந்து, மண்ணைக் கொத்தி, வேரைக் கழுவிப் பாருங்கள். அறியாதது எதிர்ப்படின், ‘யான் அறியேன்’ என்று சொல்ல நாணாதிருங்கள். என் மாமா தோட்டத்தில், அவ்விரு சொல்லின் குறையால் எட்டுத் திங்கள் இழந்தோம்.